மல்லாந்து தாண்டிய உயரம்

திருவொற்றியூர் மெட்ரோவில் பெண்கள் பெட்டியில்தான் ஜானட் அவளைக் கண்டாள். முக்காடு போட்டு, மடியில் மருந்துப் பையோடு உட்கார்ந்திருந்தவள், வண்டி நின்றதும் பக்கவாட்டில் ஒரு தோளைச் சாய்த்து எழுந்தாள். அந்தச் சாய்வு ஒருத்திக்குத்தான் உண்டு.

"சாபிரா!"

"அய்யே, ஜானட்டு! இன்னாடீ இப்டி பூசினாப்ல ஆயிட்ட?"

இராயபுரத்துப் பள்ளிக்கூடத்தில் இருவரும் உயரம் தாண்டுகிறவர்கள். படிப்பு முடிந்த கையோடு சாபிராவை ஆம்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். புருஷன் தவறியபின், இப்போதுதான் மகள் வீட்டோடு இங்கே வந்திருக்கிறாள். ஜானட்டோ உயரம் தாண்டித்தான் ரயில்வேயில் வேலை வாங்கினாள். அப்படித் தாண்டும் வித்தையை அவளுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் சாபிரா என்பது இராயபுரத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

அப்போது எல்லாரும் கத்தரி மாதிரி காலை வீசித்தான் தாண்டினார்கள். பொட்டலம் மடித்து வந்த பேப்பரில், முதுகைக் காட்டிக் கம்பியைத் தாண்டும் ஒருத்தியின் படத்தைச் சாபிரா பார்த்துவிட்டாள். அன்றே டோரதி மிஸ்ஸின் பௌதிக வகுப்பில் எழுந்து, "மிஸ், வளையலுக்கு ஈர்ப்பு மையம் எங்க கீது?" என்றாள்.

"நடுவுல, ஒண்ணுமே இல்லாத எடத்துல" என்றார் மிஸ்.

சாபிராவின் கண் விரிந்துவிட்டது. சாயங்காலம் ஜானட்டைப் பிடித்து உலுக்கினாள். "உடம்ப வில்லு மாதிரி வளைச்சா மையம் உடம்புக்கு வெளிய போயிடும்டீ! நாம கம்பிக்கு மேல போவோம், அது கம்பிக்குக் கீழ போவும். அதே எகிறல்தான், உயரம் மட்டும் கூட!"

கழுத்து முறியும் என்று பி.டி. மாஸ்டர் கத்தினார். மணல் குழியில் முதுகால் விழவும் முடியாது. காசிமேட்டிலிருந்து கிழிந்த வலைகளைச் சாக்குச் சாக்காக இழுத்துவந்து குவித்தார்கள். ஊரெல்லாம் மீன் நாற்றம் என்று மூக்கைப் பொத்தியது. வலைக்குவியலில் மல்லாந்து விழுந்து, துறைமுகத்துக் கிரேன்களுக்கு மேலே வானத்தைப் பார்த்துச் சிரித்த அந்த வயசை ஜானட்டால் இன்றைக்கும் தொட்டுப் பார்க்க முடியும்போல் இருந்தது.

அடுத்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும், ஜானட் அவளைப் பழைய பள்ளி மைதானத்துக்கு இழுத்துப்போனாள். அங்கே இப்போது தடித்த நுரை மெத்தை. கம்பியை இடுப்புக்குக் கீழே வைத்தாள்.

"வேணாம்டீ. பேத்தி இருக்கா எனக்கு."

"பேத்தி இன்னா, ஒன் கால புடிச்சினா கீது? ஓடு."

சாபிரா நேராக ஓடிவந்து கம்பிக்கு முன்னால் நின்றுவிட்டாள். மறுபடி ஓடினாள், கம்பி முதுகோடு சேர்ந்து விழுந்தது. அவள் முகம் சுருங்கியது. ஜானட் செருப்பைக் கழற்றித் தரையில் வளைவாக ஒரு கோடு இழுத்தாள்.

"நேரா வந்தா உடம்பு எப்டி திரும்பும்? நீ சொல்லிக் குட்த்ததுதான? வளைஞ்சு ஓடு, கம்பிய விட்டு சாஞ்சு ஓடு. கம்பிக்குத் தூரமான கால ஊனி நிமிரு. மீதிய அந்தச் சாய்வே பாத்துக்கும்."

சாபிரா முக்காட்டை இறுக்கி முடிந்தாள். இம்முறை கோட்டின் மேல் சாய்ந்து ஓடினாள். கால் ஊன்றியது, தோள் திரும்பியது, முதுகு வளைந்து கம்பியைக் கடந்தது. கம்பி நடுங்கிற்று, விழவில்லை.

மெத்தையில் கிடந்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஜானட் பயந்து ஓடினாள். சாபிரா கண்ணோரம் ஈரத்தோடு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆம்பூர்ல வானமே பாக்கல ஜானட்டு. அண்ணாந்து பாக்க இன்னா வேல இருந்திச்சு?"

ஜானட் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தாள். "என் ரயில்வே வேல ஒனக்குக் கெடச்சிருக்கணும்டீ."

"இன்னாத்துக்கு இப்ப அத்த பேசினுகீற?" சாபிரா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "கம்பிய ரெண்டு வெரலு ஏத்து."

ஜானட் ஏற்றினாள். தாண்டும்போது அதைத் தட்டிவிட்டு, கம்பியைத் தானே தூக்கி வைத்துவிட்டு, சாபிரா மறுபடி ஓடத் தொடங்கும் இடத்துக்கு நடந்தாள்.