நாற்பது விநாடி

உடைந்த செல்போனின் துண்டுகளை ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு, சனிக்கிழமை மத்தியானம் நஜ்முன் நிஸா திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் புஷ்பவதியின் வீட்டு வாசலுக்கு வந்தாள். பின்னால் அவளுடைய மகள் றஹ்மா, அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள்.

"தங்கச்சி, இது உங்கட வீட்டில நிக்கிற புள்ள செஞ்ச வேலை. போன் போனாப் போகட்டும். என்ட புள்ளைட கையப் பாருங்க. என்ன நடந்த எண்டு கேட்டா இதுவும் வாய் தொறக்குதில்ல."

றஹ்மாவின் மணிக்கட்டுக்கு மேலே பல் பதிந்து கன்றிப் போயிருந்தது.

புஷ்பவதிக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. கச்சேரியில், அரச செயலகத்தில், கிளாக்காக வேலை பார்க்கிறவள் அவள். கணவன் ஆனந்தராசா டோகாவில் வேலை. வீட்டில் நிற்கும் வதனி, ஆனந்தராசாவின் தங்கச்சி யோகமலரின் பிள்ளை. போன வருஷம் ஈச்சிலம்பற்றில் ஷெல் விழத் தொடங்கி ஊரே தெற்காக ஓடியபோது யோகமலர் வழியில் செத்துப்போனாள். தகப்பன் வீரக்குட்டி இன்னும் மட்டக்களப்புப் பக்கம் முகாமில் கிடக்கிறான். பிள்ளையாவது படிக்கட்டும் என்று தை மாதம் இங்கே கொண்டுவந்து விட்டுப் போனான். இந்த ஐந்து மாதத்தில் வதனி சத்தம் போட்டு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அவளா கடித்தாள்?

"வதனி! இஞ்சை வா!"

குசினியிலிருந்து வந்தவள் ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி சுவரோடு நின்றாள்.

"ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனீ? நாய்க்குட்டியே நீ, கடிக்கிறதுக்கு?"

வதனியின் மௌனம் புஷ்பவதிக்குத் திமிராகப் பட்டது. கை தானாக உயர்ந்தது.

"அடிக்காதீங்க அன்ரி!" என்று றஹ்மா கத்தினாள். "அந்த வீடியோவில இருக்கிறது அவட உம்மாவாம்!"

உயர்ந்த கை அப்படியே நின்றது.

பிறகு றஹ்மா விக்கி விக்கிச் சொன்னாள். ரியூசன் வகுப்பில் மாஸ்ரர் வருவதற்கு முன் பிள்ளைகள் ஒரு விளையாட்டு விளையாடுவார்களாம். சண்டையில் செத்தவர்களின் வீடியோக்களைப் போனில் போட்டுக் கண் சிமிட்டாமல் பார்க்க வேண்டும். சிமிட்டினால் அவுட். புதிதாக வந்தது ஒரு பொம்பிளை றோட்டோரம் கிடக்கிற வீடியோ. நாற்பது விநாடி. அந்தப் பொம்பிளையின் கை ஒருதரம் அசையும். எத்தனையாவது விநாடியில் என்று சரியாகச் சொல்கிறவருக்குக் கூடப் புள்ளி. இன்றைக்கு வதனியின் முறை என்று அவளை இழுத்து நடுவில் இருத்தினார்களாம். அவள் 'அம்மா' என்று முனகி, றஹ்மாவின் போனைப் பறித்து நிலத்தில் அடித்தாளாம்; தடுத்த கையைக் கடித்தாளாம்.

"உனக்கு ஆர் அனுப்பினது?" என்று நஜ்முன் நிஸா மகளிடம் கேட்டாள்.

றஹ்மா அறை வாசலைப் பார்த்தாள். அங்கே புஷ்பவதியின் மகள் சிந்துஜா நின்றுகொண்டிருந்தாள்.

"கொண்டா போனை," என்று புஷ்பவதி கையை நீட்டினாள்.

"அம்மா..."

"கொண்டா எண்டு சொல்லுறன்!"

மகளின் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு ஆனந்தராசா ஊருக்கு வந்த ஒருவர் மூலம் கொடுத்துவிட்ட போன் அது. பாட்டுக் கேட்கிறாள், படம் எடுக்கிறாள், வீட்டிலேயே இருக்கிறாள், வெளியே போய்ச் சோதனைச் சாவடியில் நிற்கவில்லை என்று புஷ்பவதி நிம்மதியாக இருந்தாள். இப்போது அந்தப் போனை வாங்கி வீடியோவைப் போட்டாள்.

படம் சின்னது, மங்கல். உழவு மெஷின் இழுத்து வந்த பெட்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் மண்ணில் ஒருக்களித்துக் கிடக்கும் பெண். அவளுடைய மஞ்சள் சட்டையின் தோளில் நீல நூலால் போட்ட தையல். கை அசைந்தது. படம் பிடித்தவன் இன்னும் ஒரு அடி கிட்டப் போனான். அவ்வளவுதான். குனியவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. யாரோ அதற்குப் பின்னணியில் ஒரு சினிமாச் சண்டை இசையை வேறு சேர்த்திருந்தார்கள்.

யோகமலர்தான்.

"எத்தினை தரம் பாத்தனீ?" புஷ்பவதியின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"எனக்கு அது மாமியெண்டு தெரியாதம்மா. வெருகல் கோயில் திருவிழாவிலை ரெண்டு தரம் கண்டதுதானே. ஆரோ எண்டுதான்..."

"ஆரோ எண்டால்? ஆரெண்டு தெரிஞ்சால்தான் அது மனிசியோ? தெரியாட்டில் விளையாட்டுச் சாமானோ?"

"எல்லாரும் பாக்கினம் அம்மா. முதல்லை பயமாத்தான் இருக்கும். பத்துத் தரம் பாத்தால் ஒண்டும் செய்யாது."

ஒன்றும் செய்யாதாம். புஷ்பவதி மகளின் கன்னத்தில் அறைந்தாள். அறைந்த பிறகும் கோபம் ஒரு துளி குறையவில்லை. இதைப் பெற்று வளர்த்த தன் மேலும், போன் அனுப்பிய புருஷன் மேலும், குனியாமல் நின்று படம் பிடித்தவன் மேலும் அது பரவிக்கொண்டே போனது.

அப்போதுதான் வதனி வாய் திறந்தாள்.

"அம்மா அந்த இடத்திலையே முடிஞ்சு போனாவெண்டு அப்பா சொன்னவர், மாமி. நாங்கள் முன் மெஷினிலை போனனாங்கள். அவ உடனை முடிஞ்சிட்டா, நிக்க வேண்டாம் எண்டு பின்னாலை ஓடி வந்த ஆக்கள் சொல்லிச்சினமாம்." அவள் நிறுத்தி மூச்சு எடுத்தாள். "கை அசையுதே மாமி."

நஜ்முன் நிஸா பையைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் தொப்பென்று இருந்தாள்.

"நாங்களும் போன ஆவணியில மூதூரால ஓடி வந்த ஆக்கள்தான்," என்றாள். "எங்கட பெரியப்பா வழியில விழுந்தவர். அவர் எவன்ட போனில கிடக்காரோ. எந்தப் புள்ள அவர வெச்சு விளையாடுதோ." பிறகு எழுந்து வதனியின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்தாள். "நல்லாக் கடிச்ச, மகள். இன்னும் கடிச்சிருக்கோணும்."

பின்னேரம் இரண்டு பெண்களும் சிந்துஜாவை நடுவில் நடத்திக்கொண்டு, அவள் அந்த வீடியோவை வாங்கிய கடைக்கு, மெமரி கார்ட்டில் பாட்டும் படமும் ஏற்றிக் கொடுக்கும் இடத்துக்குப் போனார்கள். கடைக்காரன் இளம் பெடியன். "நானோ எடுத்தது அக்கா? பிள்ளையள்தானே கேக்குதுகள், போட்டுக் குடுக்கிறன்," என்றான். புஷ்பவதி மேசைக்கு அந்தப் பக்கம் போய் அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். ஒவ்வொன்றாக அழிக்கும்வரை அசையவில்லை. அவனுடைய கொம்பியூட்டரில் 'சண்டை' என்று பெயர் போட்ட போல்டரில் அறுபதுக்கு மேல் வீடியோக்கள் கிடந்தன.

"இதிலை அழிச்சு என்ன? ஊரெல்லாம் கிடக்கு," என்றான் அவன்.

அது உண்மை என்பதுதான் அவளை இன்னும் எரித்தது.

மறுநாள் காலை அவள் வதனியைக் கூட்டிக்கொண்டு ரியூசனுக்குப் போனாள். தகரக் கூரைக்குக் கீழே முப்பது பிள்ளைகள். கனகசுந்தரம் மாஸ்ரர் சோக்கை வைத்துவிட்டு வந்தார்.

"என்ன மிஸிஸ் ஆனந்தராசா, பாடம் நடக்குது. கதைக்கிறதெண்டால் வெளியிலை..."

"உங்கடை வகுப்புக்குள்ளைதான் சேர் நடந்தது. உள்ளுக்கைதான் கதைப்பன்."

அவள் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றாள். வதனியைத் தன் பக்கத்தில் நிறுத்தினாள்.

"மஞ்சள் சட்டை போட்ட பொம்பிளையின்ரை வீடியோ உங்களிலை எத்தினை பேரிட்டை இருக்கு?"

சிலர் பைகளை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள்.

"அவவின்ரை பேர் யோகமலர். முப்பத்தாறு வயசு. இந்தப் பிள்ளையின்ரை தாய். என்ரை மகளுக்குச் சொந்த மாமி. பகிடி விட்டால் வீடே சிரிக்கும். அவிச்ச கச்சான் கடலையெண்டால் உயிர். பாம்புக்குப் பயமில்லை, இடிக்குத்தான் பயம். இடி முழங்கினால் கதவுக்குப் பின்னாலை ஒளிப்பா. ஷெல்லுக்குள்ளாலை மற்ற ஆக்களின்ரை பிள்ளையளை ஏத்திவிட்டிட்டுக் கடைசி மெஷினிலை வந்தவ. அந்தத் தோளிலை கிடக்கிற நீலத் தையல் வதனி போட்டது. அவ சாகக் கிடக்கிறதைப் பாத்துத்தான் நீங்கள் புள்ளி எண்ணினனீங்கள்."

"போதும் மிஸிஸ்," என்றார் மாஸ்ரர், மெல்ல.

"உங்களுக்குப் போதும். எனக்குப் போதாது."

மூன்றாவது வரிசை வாங்கில் இருந்த சிந்துஜா மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுடைய முதுகு குலுங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. அங்கும் இங்கும் சில கைகள் பைக்குள் போயின. போன்களின் பொத்தான்கள் டிக் டிக்கென்று அமுங்கின. அழிக்கிறார்களா, ஒளிக்கிறார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடைசி வாங்கில் ஒரு சின்னப் பெண்பிள்ளை எழுந்து நின்றாள். ஆறாம் வகுப்பு இருக்கும். கையில் அக்காவின் போன்.

"அன்ரி, இதுக்குள்ளை இன்னும் ஏழு பேர் கிடக்கினம். அவையளின்ரை பேர் என்ன?"

புஷ்பவதி மாஸ்ரரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பிள்ளை உட்காரவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தது.