பதினோரு வரி உறுதிமொழி

இயக்குநர் கூட்டத்தில் பேச எனக்குக் கொடுத்திருந்தது பத்து நிமிடம். முதல் நாள் மாலை சமையலறையில் நின்று நான் பேச, மனைவி செல்போனில் நேரம் பார்த்தாள். ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி.

"நாலாம் நம்பர் பிரஸ்ஸ முதல்லயே சொல்லிடுங்களேன்," என்றாள். இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் அந்த பிரஸ்ஸில் தகடு வைப்பவன் அவள் தம்பி.

"கடைசியா சொன்னாதான் மனசுல நிக்கும்," என்றேன். பெரிய மேதாவி நான்.

பெடலை மிதிக்காமலே அந்த பிரஸ் இறங்கிவிடுகிறது. போன மாதம் மூன்று முறை. மூன்றாவது முறை மைத்துனனின் கையுறை உள்ளே மாட்டியது, கை தப்பியது. ஒப்பந்தத் தொழிலாளி, முடியாது என்று அவன் சொன்னால் வாசலில் வேறு ஆள் நிற்கிறது. கிளட்ச்சை மாற்ற இரண்டு நாள் நிறுத்த வேண்டும். நிறுத்துகிற அதிகாரம் இயக்குநருக்கு மட்டும்தான். பாதுகாப்பு அதிகாரி என்று என் சட்டையில் எழுதியிருப்பதோடு சரி. நசுங்கிய கையுறையின் படத்தைக் கடைசி ஸ்லைடாக வைத்திருந்தேன்.

கூட்ட அறையில் ஏழு பேர். நான் வாயைத் திறக்கும் முன் இயக்குநரின் உதவியாளர் மெதுவாக, "சார், உறுதிமொழி," என்றார்.

எந்தக் கூட்டமானாலும் எல்லோரும் எழுந்து நின்று பாதுகாப்பு உறுதிமொழி எடுக்க வேண்டும். பதினோரு வரி. நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். அதை எழுதியவனும் நான்தான், கட்டாயமாக்கச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றவனும் நான்தான். சமையலறையில் அது நினைவுக்கே வரவில்லை. பெண்டாட்டியிடம் உறுதிமொழி எடுக்க யாருக்குத் தோன்றும்? சக தொழிலாளியின் உயிரை என் உயிராகக் காப்பேன் என்று ஏழு பேரும் கொட்டாவியை அடக்கிக்கொண்டு முடித்து, நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது நான்கு நிமிடம் போயிருந்தது.

அப்போதாவது கடைசி ஸ்லைடுக்குத் தாவியிருக்கலாம். புத்தி வேலை செய்யவில்லை. மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி ஒன்றிலிருந்தே தொடங்கினேன். தலைக்கவசம், தீயணைப்புக் கருவி, நடைபாதையில் போட்ட மஞ்சள் கோடு. ஒன்பதாவது ஸ்லைடில் மணி அடித்தது.

"சார், இன்னும் ஒன்னே ஒன்னு..."

"மெயில்ல அனுப்பிடுங்க. அடுத்த மாசம் பாத்துக்கலாம்." இயக்குநர் அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். "நல்லா பண்ணீங்க."

நாலாம் நம்பரை நிறுத்துங்கள். மூன்றே சொல். நின்ற இடத்திலேயே சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "நன்றி சார்." நினைத்தால் இப்போதும் என் முகத்திலேயே துப்பிக்கொள்ளத் தோன்றுகிறது.

கீழே மதிய ஷிப்ட் தொடங்கியிருந்தது. பிரஸ்களின் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. எல்லாம் கை ஜாடைதான். நாலாம் நம்பர் முன் நின்றிருந்த மைத்துனன் என்னைப் பார்த்ததும் கட்டை விரலை உயர்த்தி, சொல்லியாச்சா மாமா என்பதுபோல் புருவத்தைத் தூக்கினான். பதிலுக்கு என் கட்டை விரலும் தானாக உயர்ந்தது. அவன் சிரித்தான். புதுக் கையுறையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்த தகட்டை எடுத்து உள்ளே கையை நீட்டினான்.