ஏழாவது ஹோலில் ஒரே அடி

சகாயமேரி என் மனைவி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை இப்படித் திகைக்க வைத்ததே இல்லை.

திருமழிசைக்குப் பக்கத்தில் நான் கட்டும் கோல்ஃப் மைதானத்தில் ஒன்பது ஹோல்; ஒவ்வொன்றும் ஒரு புல்வெளி, அதன் கோடியில் பந்து விழ ஒரு குழி. எட்டு நல்ல நீளம். சனிக்கிழமைதோறும் குடும்பமாக அவற்றில் ஆடிப் பார்க்கிறோம். ஏழாவதில் இப்போதுதான் புல் பிடித்திருந்தது. அது மட்டும் நீளம் குறைவு; குளத்துக்கு இந்தப் பக்கம் நின்று அடித்தால் அந்தப் பக்கம் குழி. மூன்றே அடியில் முடிக்க வேண்டிய பார்-த்ரீ. அம்பத்தூர் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டியவன் நான். யானைப் பசிக்குச் சோளப்பொரியா? அதை எடுத்துவிட்டு வில்லா கட்டலாம் என்றேன்.

மைதானத்தை வடிவமைத்த ஃபெபி ஒத்துக்கொள்ளவில்லை. "எட்டு ஹோலும் பலத்தைக் கேக்குது சார். அங்க முதல் அடி தப்பினா அடுத்ததுல சரிபண்ணிக்கலாம். இங்க முடியாது. இது இல்லன்னா உங்க மைதானம் வெறும் பலப்பரீட்சைதான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னாம்மா பெரிய ஹோலு? என் ஊட்டு ஆளுங்கள்ல யாராச்சும் ஒரே அடில பந்தைக் குழியாண்ட புல்லுல நிறுத்திட்டா, ஹோலைத் தூக்கிடணும். சரியா?"

"ஆளுக்கு ஒரே அடி," என்றாள் ஃபெபி. முகம் வெளுத்திருந்தது. அந்த ஹோலுக்காக அவள் பட்ட பாடு எனக்கும் தெரியும்.

முதலில் நான். ஓங்கி விட்டேன். பந்து குளத்தைத் தாண்டி, குழியையும் தாண்டி, சீமைக்கருவேலம் புதருக்குள் விழுந்தது. அடுத்து மருமகன் ஷெர்வின். சளக்கென்று தண்ணீரில்.

"காத்து மாமா," என்று அசடு வழிந்தான்.

"நான் ஒண்ணு அடிச்சுப் பாக்கட்டுமா?" என்றாள் மேரி.

"அடி, அடி. குளத்து மீனுக்கு இன்னொரு பந்து வேணும்ல," என்று சிரித்தேன்.

அவள் ஓங்கவேயில்லை. சின்னதாக ஒரு வீச்சு. பந்து எழும்பிக் குளத்தைத் தாண்டி, புல்லில் இரண்டு துள்ளு துள்ளிக் குழிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

நான் திறந்த வாயை மூடவில்லை. அப்புறம்தான் பந்தயம் நினைவுக்கு வந்தது.

"ஜெயிச்சுட்டோம்! ஹோலு காலி!" என்று கத்தினேன். ஃபெபி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எடுக்கக் கூடாது," என்றாள் மேரி.

"இன்னாது? நீதானே ஜெயிச்சே?"

"அதான் சொல்றேன். மத்த எட்டுலயும் உங்க முதுகைப் பாத்துகினே நடக்கிறேன். நீங்க ஒரு அடில போற தூரத்துக்கு எனக்கு மூணு அடி. இங்க ஒண்ணுலதான் உங்க பக்கத்துல நிக்கிறேன்."

தூக்கிவாரிப் போட்டது. முதுகையா! எத்தனை சனிக்கிழமை! ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தேனா என்று யோசித்தேன். ஞாபகமே வரவில்லை.

"ஹோலு இருக்கட்டும்மா," என்று ஃபெபியிடம் சொன்னேன்.

பிறகு என் பந்தைத் தேடிப் புதருக்குள் நுழைந்தேன். முள் குத்தி நிமிர்ந்து பார்த்தால், குழிக்குப் பக்கத்தில் மேரி எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.