சுடலைமுத்து மகள்

செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் இருந்தது அந்த ஸ்டுடியோ. ஒரு அருவியும் இரண்டு மான்களும் வரைந்த திரைக்கு முன்னால் பிரம்மநாயகம் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கைக்குழந்தையோடு அவன் மனைவி பார்வதி. நடுவே ஆறு வயது கோமதி. செண்பகவல்லி மட்டும் கதவோரம், எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருப்பவள் போல நின்றுகொண்டாள். தம்பி அவளைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. வரச் சொல்லவும் இல்லை. இருபத்து மூன்று வயதில் தாலியைக் கழற்றிக் கொடுத்தவளுக்கு, குடும்பப் படம் எடுக்கும்போது எங்கே போய் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அவள் கையால் சோறூட்டி, சிலேட்டில் ஆனா ஆவன்னா எழுதப் பழக்கி வளர்த்த இந்தத் தம்பியின் கல்யாணப் படத்திலேயே அவள் கிடையாது.

"அக்கா வரலியா?" என்று கேட்டார் படம் எடுக்கும் அப்துல் வாஹித். கடையநல்லூர்க்காரர், பம்பாயில் இருபது வருஷம் இருந்தும் பேச்சு மாறவில்லை.

"அவளத் தனியா ஒண்ணு எடுங்க" என்றான் பிரம்மநாயகம்.

செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எனக்கு எதுக்குலே?"

"இருக்கட்டும்க்கா. வந்து உக்காரு."

"சின்ன சைஸ்தான தம்பி? ஆபீசுக்குத்தான?" என்று வாஹித் கேட்க, "ஆமா, ஆமா, நீங்க எடுங்க" என்று அவசரமாகச் சொன்னான். வாஹித் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, வெளியே எடுத்தார். "அக்கா, வெளக்கெண்ணெ குடிக்கப் போற மாதிரி இருக்காதிய. இது வலிக்காது." பார்வதி சிரித்தாள். செண்பகவல்லிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு மறைவதற்குள் விளக்கு பளிச்சென்று அடித்தது.

அறுபத்தாறு மே மாதம் அது. அவர்கள் திருநெல்வேலியை விட்டு வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. ஊரில் மில்லில் சூப்பர்வைசராக இருந்த பிரம்மநாயகத்துக்கு, செம்பூரைத் தாண்டி ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் வேலை கிடைத்தது. ஒன்றரை மடங்கு சம்பளம், கம்பெனிக் குவார்ட்டர்ஸில் இரண்டு அறை வீடு. "நீ இல்லாம அந்த ஊர்ல நாங்க என்னக்கா பண்ணுவோம்?" என்று அவன் கேட்டபோது அவள் சரி என்றாள். பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் பன்னிரண்டு வருஷமாகத் தையல் டீச்சர் அவள். "லீவு போட்டுட்டுப் போய்ப் பாருங்க டீச்சர், வேலய விட்டுராதீங்க" என்று தலைமை ஆசிரியை சொன்னார்கள். தம்பி எழுதிக்கொடுத்த ராஜினாமாக் கடிதத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது அந்த இடத்துக்கு வேறு ஒருத்தி வந்துவிட்டாள் என்று கடிதம் வந்தது. படித்துவிட்டு அரிசி களையப் போனாள். தனியாக ஒரு படம் எடுத்துவைக்க வேண்டும் என்று நினைக்கிற தம்பி இருக்கும்போது, அந்த இடம் போனால் என்ன என்றிருந்தது அவளுக்கு.

குவார்ட்டர்ஸுக்கு இரண்டு வாசல். "பின் கேட் வழியாப் போக்கா, அதான் மார்க்கெட்டுக்குக் கிட்ட" என்று பிரம்மநாயகம் முதலிலேயே சொல்லியிருந்தான். கீரை, பால், ரேஷன், குழந்தைக்கு மருந்து எல்லாமே அவள்தான். முழங்கால்வரை தண்ணீர் நிற்கும் மழையிலும் பின் கேட் வழியாகத்தான் சுற்றிப் போனாள். அங்கே நின்ற வாட்ச்மேனுக்கு அவள் முகம் பழகியிருந்தது.

ஜூலை கடைசியில் ஒரு நாள் புது வாட்ச்மேன் வந்து பாஸ் கேட்டான். திரும்பி வந்து பார்வதியிடம் சொன்னாள். "அவுக வரட்டுமே மதினி, சாயங்காலம் வாங்கிக்கிடலாம்" என்று பார்வதி இழுத்தாள்.

"குழந்தைக்குப் பால் வேணும்லா. எங்க இருக்குன்னு சொல்லு ஏளா, நானே எடுத்துக்கிடுதேன்."

பார்வதி அவளைத் தாண்டிப் போய், பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அதில் செண்பகவல்லி சிரித்துக்கொண்டிருந்தாள்.

வாட்ச்மேன் அட்டையைப் பார்த்துவிட்டுப் பாலுக்கு விடாமல், சுவரோரம் இருந்த வரிசையைக் காட்டினான். இருபது பெண்கள் நின்றார்கள். கம்பெனி டாக்டர் காலரா ஊசி போட்டுக்கொண்டிருந்தார். முன்னால் நின்றவள் பேராச்சி. மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து வந்து மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள். மார்க்கெட்டில் பார்த்த பழக்கம்.

"ஊசி வீட்டுக்காரங்களுக்குக் கெடையாதா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"அவுகளுக்கு ஆஸ்பத்திரில வச்சி, உக்கார வச்சிப் போடுவாக. நீல அட்ட. நம்ம மஞ்சள்லா?" பேராச்சி தன் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "ஒங்களுக்குச் சம்பளம் என்னக்கா குடுக்காவ?"

"சம்பளமா? நான் அவன் கூடப்பொறந்தவளாக்கும்."

பேராச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க வீட்டம்மாவும் என்னயக் கூடப்பொறந்தவ மாதிரின்னுதான் சொல்லுதா. அதுக்காவச் சம்பளத்த விட்டுருவனா? வெறும் சோத்துக்கா வேல பாக்கிய? நல்லா ஏமாத்துதாவளே ஒங்கள!"

ஊசி வலது கையில் ஏறியது. அவள் பாலை மறந்து வீடு வந்தாள்.

அன்று பிரம்மநாயகம் ஷூவைக் கழற்றும் முன்பே அட்டையை அவன் முன்னால் வைத்தாள். ஆங்கிலம் அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். "இதுல என்ன எழுதியிருக்கு? வாசி."

அவன் பார்வதியைப் பார்த்தான். பார்வதி குழந்தையின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரூல் அப்படிக்கா. பொண்டாட்டி, பிள்ள, அப்பா அம்மா. இவ்வளவுதான் குடும்பம். விதவை அக்கா அதுல வரமாட்டா. வேலையாள்னு போட்டாத்தான் உள்ள விடுவான். வெறும் பேப்பர்க்கா. வீட்டுக்குள்ள நீ என் அக்காதான?"

"முழுசும் வாசி."

"பேரு, செண்பகம்."

"வல்லி எங்கல?"

அவன் குனிந்து ஷூவைக் கழற்றத் தொடங்கினான்.

"அப்பா பேரு?"

ஷூவின் கயிறு முடிச்சு விழுந்திருந்தது. அவன் அதோடு வெகுநேரம் போராடினான். "நம்ம அப்பா பேரப் போட்டா ரெண்டும் ஒண்ணா இருக்கேன்னு கேப்பான். அதான் சுடலைமுத்துன்னு போட்டேன்."

"சுடலைமுத்து யாருலே?"

"யாருமில்ல. மில்லு கேட்டுல ஒரு காவக்காரன் இருந்தாம்லா. சட்டுனு அந்தப் பேருதான் வாய்ல வந்துச்சு."

அப்பா ஆறுமுகநயினார் பிள்ளை செத்தபோது இவனுக்கு நான்கு வயது. கொள்ளிச் சட்டியைத் தூக்க முடியாமல் இவன் அழ, பக்கத்தில் நின்று கையைத் தாங்கிக்கொண்டவள் அவள். அதைச் சொல்லிக் காட்ட நினைத்தாள். சொல்லாமல் அட்டையை எடுத்து அவன் மடியில் வைத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு, உப்பு இருக்கா, பால் வந்துச்சா என்ற அளவுக்கு வந்துவிட்டது.

தீபாவளி கழிந்த மறுவாரம் பிரம்மநாயகம் முகம் வெளுத்து வந்தான். வேலையாள் என்று சொல்லி உறவுக்காரர்களைக் குடி வைத்திருப்பதாக யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். வீடு வீடாக வந்து விசாரிக்கப் போகிறார்கள். ஏழாம் பிளாக்கில் ஒருவனுக்கு அன்றைக்கே நோட்டீஸ் கொடுத்துவிட்டார்களாம்.

"நாளைக்குக் காலைல இங்க வாராவ" என்றான். "கேட்டா அட்டைல இருக்கத அப்படியே சொல்லிரு அக்கா."

"சொல்லலன்னா?"

"பொய் சொல்லி வீடு வாங்குனேன்னு வேலய எடுத்துருவான். மில்லுலயும் திரும்பச் சேக்க மாட்டான். இந்த ரெண்டையும் கூட்டிட்டு நான் எங்கக்கா போவேன்?"

மறுநாள் காலையில் கோமதி வாய் தவறி அத்தை என்று கூப்பிட்டுவிடக் கூடாதென்று, அவளைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். அறையில் கட்டிலுக்கு அடியில் இருந்த செண்பகவல்லியின் தகரப் பெட்டியைப் பார்வதி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகத் தூக்கி, பின் பால்கனியில் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பாயையும் சுருட்டி அதன் மேல் வைத்தார்கள். பெட்டி அங்கே பல வருஷம் இருந்தது போலத் தோன்றியது.

பத்து மணிக்கு எஸ்டேட் ஆபீஸ்காரரும் ஒரு குமாஸ்தாவும் வந்தார்கள். ஆபீஸ்காரர் நல்ல மனுஷர். பார்வதி கொடுத்த காபியைப் பாராட்டினார். பால்கனியை எட்டிப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், தலையசைத்தார். பிறகு சமையல்கட்டு வாசலில் நின்றவளைப் பார்த்து ஹிந்தியில் பெயரைக் கேட்டார்.

"நாம்?"

"செண்பகம்."

"பாப் கா நாம்?"

அப்பா பெயரைக் கேட்கிறார் என்று புரியும் அளவுக்கு ஆறு மாதத்தில் அவளுக்கு ஹிந்தி வந்திருந்தது. ஆனாலும் அவள் தம்பியைப் பார்த்தாள். பிரம்மநாயகத்தின் உதடு அசைந்தது. அவன் நெற்றியில் பூசியிருந்த திருநீறு வேர்வையில் கரைந்து மூக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்துவிட அவள் கை ஒரு கணம் எழுந்தது.

"சுடலைமுத்து" என்றாள்.

குமாஸ்தா எழுதிக்கொண்டான். எழுதி முடித்ததும் பேனாவை மூடிச் சட்டையில் செருகிவிட்டு, பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்து நீட்டினான். கையெழுத்துப் போடத் தெரியுமா என்று அவன் கேட்கவே இல்லை. பன்னிரண்டு வருஷம் வருகைப் பதிவேட்டில் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டவள், மைப்பெட்டியையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிரம்மநாயகம் சுவரில் தொங்கிய காலண்டரின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் இடது கையை நீட்டினாள். குமாஸ்தா கட்டைவிரலைப் பிடித்து மையில் உருட்டி, காகிதத்தில் அழுத்தி எடுத்தான்.

அவர்கள் படியிறங்கிப் பக்கத்து பிளாக்குக்குப் போனார்கள். பிறகு பிரம்மநாயகம் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தான். "எக்கா" என்றான். அவள் பால்கனிக் குழாயடியில், காபி டம்ளர்களைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

பார்வதிதான் எழுந்து வந்தாள். சுருட்டிய பாயை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். "வாங்க மதினி, பெட்டிய உள்ள வச்சிருவோம்" என்று குனிந்து ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள்.

"இருக்கட்டும்மா" என்றாள் செண்பகவல்லி, திரும்பாமல். "நீங்க எதுக்குச் செரமப்படுதிய? இங்கயே இருக்கட்டும்."

இதுவரை நீ என்று பேசியவள் நீங்க என்றதும், பார்வதி கைப்பிடியை விடவும் மாட்டாமல் இழுக்கவும் மாட்டாமல் அப்படியே குனிந்து நின்றாள். சாய்ந்த பெட்டிக்குள் ஏதோ ஒன்று மெல்ல உருண்டு போய், மறுகோடித் தகரத்தில் இடித்து நின்றது.