கோலா பிலாவில் மழையாம்

சொல்லிவிடலாம்தான், வழி தப்பு அப்பா, மூன்றே சொல், இடியிலும் மழையிலும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு தடுமாறாமல் பேசுகிற துணை விமானிக்கு மூன்று சொல் ஒரு பாரமா... குமுதவல்லி ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சன்னாசி, தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், இந்தச் சின்னக் காரையும் லோரியைப் போலத்தான் கட்டிப்பிடித்து ஓட்டினார், முகத்தில் அப்படி ஒரு நிச்சயம். ரதி சின்னம்மாவின் புதுமனை புகுவிழா கோலா பிலாவில், காரோ அதற்கு எதிர்த்திசையில் லுக்குட் பக்கம் போகிறது, சின்னம்மா காலி செய்துவிட்டுப் போன பழைய வீட்டை நோக்கி. அம்பாங்கானில் வீட்டைவிட்டு இறங்கும்போதே கேட்டிருக்கலாம், ஆனால் கிளம்புகிற ஆளை எங்கே என்று கேட்கக்கூடாது, கேட்டால் போகிற காரியம் விளங்காது, அது அம்மாவின் சட்டம். இப்போது யாரும் கேட்காமலேயே காரியம் விளங்காமல் போய்க்கொண்டிருந்தது.

மரியாதை... பரீட்சை வைத்த கேப்டன் ரஃபீக் அந்தச் சொல்லைத்தானே பிடித்துக்கொண்டார். போன வாரம், சிமுலேட்டரில், தரையைவிட்டு நகராத அந்தப் பொய் விமானத்தில், அவர் வேண்டுமென்றே தாழ இறக்கினார், பக்கத்தில் இருப்பவள் தடுக்கிறாளா என்று பார்ப்பதுதான் பரீட்சை. மலை வந்தது. மலை வருவது அவளுக்குத் தெரிந்தது. அவள் என்ன சொன்னாள்? "கேப்டன், இன்னிக்கு மலையெல்லாம் ரொம்ப தெளிவா தெரியுது இல்ல?" சொல்லி முடிக்கவும் மலையில் மோதியதாகக் கண்ணாடி முழுக்கச் சிவப்பு. "ரொம்ப மரியாதையா மோதிட்டீங்க குமுதவல்லி, பின்னால உக்காந்திருந்த பயணிங்க எல்லாம் உங்களுக்கு நன்றி சொல்வாங்க" என்றார். நாளைக்கு மறுபரீட்சை. நாளையும் வாயைத் திறக்காவிட்டால் விமானி அறையில் அவளுக்கு இடமில்லை. கூப்பிடு, தப்பைச் சொல், செய்ய வேண்டியதைச் சொல், இவ்வளவுதான், மனப்பாடம், கண்ணாடி முன்னால் நின்று நூறு தடவை சொல்லிப் பார்த்தாயிற்று, கண்ணாடியில் தெரிந்தவள் கேப்டனாக இல்லாததால் சுலபமாக இருந்தது.

கார் தார் போட்ட பெரிய சடக்கைவிட்டு இறங்கிச் செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் குலுங்கியது. "குறுக்கு வழி" என்றார் அப்பா, யாரும் கேட்காமல். தவறான இடத்துக்குக் குறுக்கு வழியில் வேகமாகப் போகிறோம், இதற்கும் விமானத்தில் ஒரு பெயர் வைத்திருப்பார்கள்... பின் இருக்கையில் அம்மா தொண்டையைச் செருமினாள். குமுதவல்லிக்கு உயிர் வந்தது, அம்மாவும் கவனித்துவிட்டாள், அம்மா சொல்லிவிடுவாள்.

"கோலா பிலால மழையாம்" என்றாள் அம்மா, ஜன்னலைப் பார்த்து.

"அங்க மழைன்னா நமக்கென்னலா?" என்றார் அப்பா.

அம்மா அடங்கிவிட்டாள். அட, அம்மா... இதுதான், இதேதான், மலையெல்லாம் தெளிவாகத் தெரிகிறது! குழம்பில் உப்புப் போட மறந்தாயே என்று அப்பா கத்தினால் பதில் பேசாதவள், அப்பாவின் சட்டை முதுகில் கிழிந்திருந்தால் "உங்க நீலச் சட்டை எவ்வளவு எடுப்பா இருக்கும்" என்று மட்டும் சொல்கிறவள், அவளுக்குப் பிறந்து, அவளிடம் பேசக் கற்று, நேராக அறுபது டன் விமானத்தில் ஏறி உட்கார்ந்தால் என்ன வரும் வாயில்? மழைதான் வரும். சிரிப்பு வந்தது, கூடவே பயமும், ஏனென்றால் பாதை குறுகிக்கொண்டே போனது, இருபக்கமும் மட்டைகள் கார்க் கண்ணாடியைத் தடவின, இதற்குள் கோலா பிலாவில் பால் பொங்கியிருக்கும். அப்பாவிடமே முடியாவிட்டால் நாளைக்குக் கேப்டனிடம் எப்படி... கூப்பிடு. தப்பைச் சொல்.

"அப்பா." குரல் யாருடையதோ போல இருந்தது. "இது சின்னம்மாவோட பழைய வீட்டுக்குப் போற வழி. விழா கோலா பிலால. காரைத் திருப்புங்க."

கார் நின்றது. பின்னால் அம்மா மூச்சை உள்ளே இழுத்தவள் வெளியே விடவில்லை. வானம் இடியும் என்று குமுதவல்லி எதிர்பார்த்தாள், ஒரு பழம்கூட உதிரவில்லை.

"தெரியும்" என்றார் சன்னாசி.

"எப்போ தெரியும்?"

"ஒங்கம்மா மழைன்னாளே, அப்பவே."

"அப்புறம் ஏம்ப்பா திருப்பல?"

"நீங்க ரெண்டு பேரும் கண்டுக்கலன்னு நெனச்சேன். அப்படியே ஒரு சுத்து சுத்தி, பெரிய சடக்குல ஏறி, குறுக்கு வழின்னு சொல்லிச் சமாளிச்சிரலாம்னு பாத்தேன்."

"நல்லா சமாளிச்சீங்க" என்றாள் அம்மா. நேராக, அவர் பிடரியைப் பார்த்து.

அப்பா பின்கியரைப் போட்டார். அவர் காது சிவந்திருந்ததைக் குமுதவல்லி அப்போதுதான் கவனித்தாள்... அப்படியானால் அவரும் பயந்துகொண்டா இருந்தார், எங்களுக்கா, அந்த நிச்சயமான முகத்துக்குள்ளா? என்றைக்காவது தானும் கேப்டனாகி, தப்பு என்று தெரிந்தபிறகும் போய்க்கொண்டே இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் மலையைப் புகழ்வானா? இல்லை, நாளை சொல்லிவிடுவேன், இதோ சொன்னேனே, வந்துவிட்டது, இனி போகாது. நெஞ்சு லேசானது. கார் பின்னால் நகர்ந்தது, பக்கக் கண்ணாடியில் ஒரு செம்பனை மரம் பருத்துக்கொண்டே வந்தது, அப்பா அந்தப் பக்கம் பார்க்கவில்லை, அவள் சட்டென்று வாயைத் திறந்தாள்.

"அப்பா, பின்னால ஒரு மரம், எவ்வளவு நல்லா காய்ச்சிருக்கு பாருங்களேன்..."