தண்ணீர் எடுக்கப் போனவர்கள்

அந்தக் காலத்துக் கோட்டை வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிற லேதம் கோட்டை முகாமில் டெல்லா காம்ப்ஸுக்கு அது மூன்றாவது கோடை. முதல் இரண்டு கோடையிலும் அவள் கேட்டது ஒன்றுதான், கிடைத்த பதிலும் ஒன்றுதான். அடுத்த வருஷம் பார்க்கலாம்.

அவள் கேட்டது முகட்டு நடை. முகாம் முடிகிற வாரத்தில் மூத்த பையன்கள் கோட்டைக்குப் பின்னால் இருக்கிற மலையில் ஏறி, ஒரு ராத்திரி காட்டில் தங்கி, மறுநாள் அந்தப் பக்கம் ஆற்றங்கரையில் இறங்குவார்கள். தீப்பெட்டி கிடையாது, டார்ச் கிடையாது, போன் கிடையாது. தானே தைத்த மான்தோல் செருப்பு, ஒரு கம்பளி, கொஞ்சம் சோளமாவு, ஒரு சிக்கிமுக்கிக் கல். அவ்வளவுதான். நடந்து முடித்தவனுக்குப் பெயர் பொறித்த கைக்கோடாலி கொடுப்பார்கள். கென்டக்கியில் எங்கள் பக்கத்து வீடுகளில் பட்டச் சான்றிதழ் பெட்டிக்குள் கிடக்கும், அந்தக் கோடாலி சுவரில் தொங்கும். டெல்லாவின் அண்ணன்கள் இரண்டு பேரும் வாங்கிவிட்டார்கள். இரண்டாவது அண்ணனுக்கு ஈர விறகுக்கும் காய்ந்த விறகுக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாது. அவனுக்கே கொடுத்தார்கள்.

பெண்பிள்ளைகளுக்கு வேறு பாடம். சாம்பல் தண்ணீரையும் பன்றிக்கொழுப்பையும் காய்ச்சி சோப்பு பண்ணுவது, வெண்ணெய் கடைவது, மெழுகுவர்த்தி வார்ப்பது, இரும்புச் சட்டியில் சோளரொட்டி சுடுவது. பையன்கள் கண்ணி வைக்கவும் தடம் பார்க்கவும் கற்றுக்கொண்டு பசியோடு வருவார்கள். அவர்கள் முன்னால் அந்த ரொட்டியை வைப்பது. அதுவும் வேலைதான், கஷ்டமான வேலைதான், யார் இல்லை என்றது? ஆனால் கொழுப்புப் புகையில் கண் எரிய நின்றுகொண்டு, எதிரே பையன்கள் மரம் ஏறுவதைப் பார்க்கிறவளுக்கு வயிறு எரியுமா எரியாதா?

முகாமை நடத்துகிறவர் வென்டல் பிரூட். முன்பு கார் விற்றுக்கொண்டிருந்தவர், இப்போது நீளத் தோல்சட்டையும் நரித்தோல் தொப்பியும் போட்டுக்கொண்டு சரித்திரம் விற்கிறார். எதைக் கேட்டாலும், "அந்தக் காலத்துல இப்படித்தான்" என்பார். அந்தக் காலத்தில் மரப்பீப்பாய்க்குள் ஐஸ்பெட்டியும் குளிர்பானமும் இருந்ததா என்று கேட்கக் கூடாது. நாலு சக்கர மோட்டார் வண்டியின் இருக்கையில் மான்தோலை விரித்துவிட்டு, இது முகாம் குதிரை என்று சொல்லிச் சிரிப்பார். நாமும் சிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் முகம் சுண்டிவிடும்.

போன வருடம் டெல்லா விடாமல் நச்சரித்தபோது, எல்லோர் முன்னாலும் அவரே ஒரு வார்த்தை கொடுத்தார். கொட்டுகிற மழையில் கல்லைத் தட்டி நெருப்பு உண்டாக்கிக் காட்டு, உன்னை நானே அனுப்புகிறேன் என்றார். இவளால் முடியாது என்ற நினைப்பில் சொன்ன வார்த்தை. கேட்டவர்கள் சிரித்தார்கள். டெல்லா சிரிக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் அப்பாவின் கொட்டகையில்தான் கிடந்தாள். பொறி பிடிக்கக் கரித்துணி வேண்டும். பருத்தித் துணியைத் தகர டப்பாவில் அடைத்து நெருப்பில் வைத்து, மூடியிலிருந்து வருகிற புகை நின்றபிறகு, டப்பா நன்றாக ஆறினபிறகுதான் திறக்க வேண்டும். அவசரக்குடுக்கை மாதிரி முன்னாலேயே திறந்தால் காற்றுப் பட்டு உள்ளே இருப்பதெல்லாம் சாம்பலாகிவிடும். முதல் மாதம் முழுக்க அவளுக்குச் சாம்பல்தான் கிடைத்தது. வீட்டிலிருந்த பழைய ஜீன்ஸ் எல்லாம் அதில் போயிற்று. இரும்பில் கல்லைத் தட்டித் தட்டி விரல்முட்டி தோலுரிந்தது. தேவாலயத்தில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் ஒருத்தி, யாரோடடி சண்டை போட்டாய் என்று கேட்டாள்.

இந்தக் கோடையில், முகாம் தொடங்கிச் சில நாளிலேயே, நல்ல மழை பிடித்தது. எல்லோரும் கூரைக்கடியில் ஒதுங்கியிருந்தார்கள். டெல்லா முற்றத்தில் மண்டியிட்டாள். பாவாடையையே குடையாக விரித்துக் கவிந்துகொண்டாள். ஒரு பொறி கரித்துணியில் விழுந்து சிவப்பாக ஊர்ந்தது. அதைச் சணல் நாருக்குள் பொதிந்து ஊதினாள், ஊதினாள், கண்ணில் நீர் வர ஊதினாள். நெருப்புப் பற்றியது. பையன்கள்கூட விசிலடித்தார்கள். பிரூட்டும் கை தட்டினார், அதுதான் கொடுமை.

முகட்டு நடைக்குப் போகிறவர்களின் பெயரை அவர் இரவுச் சாப்பாட்டின்போது வாசித்தார். ஒன்பது பையன்கள். டெல்லா பெயர் இல்லை.

தட்டை வைத்துவிட்டு நேரே அவரிடம் போனாள். என் பேர் விட்டுப்போச்சு சார் என்றாள். நிஜமாகவே விட்டுப்போயிருக்கும் என்று நம்பித்தான் கேட்டாள், பாவம்.

"விட்டுப்போகலம்மா. நீ கெட்டிக்காரி, யார் இல்லேன்னா? ஆனா இது சரித்திர முகாம். அந்தக் காலத்துல பொண்ணுங்க காட்டுக்குப் போகல. நான் அனுப்பினா பாக்கறவங்க என்ன சொல்வாங்க?"

"நீங்க வாக்கு குடுத்தீங்க சார்."

"அது உனக்கு ஒரு உற்சாகத்துக்குச் சொன்னது."

அடுத்த வருடம் தனக்குப் பதினேழு ஆகிவிடும், முகாமில் பதினாறு வரைதான் சேர்ப்பார்கள், இதுதான் தன் கடைசி கோடை என்று அவள் சொன்னாள். இவர் முன்னால் மட்டும் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிரூட் பெரிய சலுகை தருகிறவர் முகத்தோடு, ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்க் காட்சியில் நீதான் முன்னால் நடக்க வேண்டும் என்றார். அதைவிடப் பெருமை ஒரு பெண்ணுக்கு என்ன இருக்கிறது என்றும் கேட்டார்.

தண்ணீர்க் காட்சிதான் முகாமின் கடைசி ஞாயிறு விசேஷம். சுற்று வட்டாரமே வந்து உட்காரும். எங்கள் பக்கத்துப் பழைய கோட்டைகளில் சொல்லப்படுகிற கதை அது. காட்டுக்குள் எதிரிகள் ஒளிந்திருக்கிறார்கள். கோட்டைக்குள் சொட்டுத் தண்ணீர் இல்லை, ஊற்று வெளியே மரங்களின் ஓரத்தில் இருக்கிறது. ஆண்கள் போனால் சுட்டுவிடுவார்கள். பெண்கள் தினமும் காலையில் போகிறவர்கள்தானே, இன்றைக்கும் போனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று ஆண்கள் கூடிப் பேசி முடிவெடுத்து, பெண்களை வாளியோடு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பெண்கள் ஊர்வம்பு பேசிக்கொண்டே போய், துப்பாக்கிகளுக்கு எதிரே குனிந்து தண்ணீர் மொண்டு, நடந்தே திரும்பி வந்தார்கள். இதைச் சொல்லும்போது எங்கள் ஊர் ஆண்களுக்குக் கண் கலங்கும். கதவுக்குப் பின்னால் நின்றதற்கு வெட்கப்பட்ட ஒருத்தனையும் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் சோப்புக் கொப்பரையைக் கிண்டிக்கொண்டே டெல்லா மற்ற ஐந்து பெண்களிடமும் இதைத்தான் பேசினாள். பேசப்பேசக் குரல் ஏறியது. காட்டுக்குப் பெண்கள் போகவில்லையாம், போன பெண்களை வைத்துத்தான் வருஷாவருஷம் கூட்டம் சேர்க்கிறார்கள். போன வருஷம் வரை பையன்களுக்கு முகத்தில் சாயம் பூசிப் பூர்வகுடி எதிரிகளாக நிறுத்தினார்கள். அந்த மக்களைக் கேவலப்படுத்துகிற வேலை என்று புகார் வந்தது, அது நியாயமான புகார். உடனே பிரூட் எதிரியையே எடுத்துவிட்டு வெறும் வெடிச்சத்தம் வைத்துக்கொண்டார். அப்போது சரித்திரம் வளைந்துகொடுத்தது இல்லையா? நமக்கென்று வரும்போது மட்டும் அது கல்லாகிவிடுமா?

"அப்போ காட்டுல இந்த வருஷம் யாருமே இருக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள் ஹேட்டி. எதையும் கிண்டலாகவே பேசுகிறவள், இதை மட்டும் நிதானமாகக் கேட்டாள்.

யாரும் இருக்க மாட்டார்கள். ஊற்றிலிருந்து பத்தடி நடந்தால் முகட்டு நடையின் பாதை தொடங்குகிறது. ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்களுக்குப் பாடம் எடுக்கிற வெர்னா பக்கத்தில்தான் நின்றாள். ஐம்பதைத் தாண்டிய, அதிர்ந்து பேசாத பெண். டெல்லா கொதித்த போதெல்லாம், விட்டுவிடு கண்ணு, மோதி என்ன ஆகப்போகிறது என்று சொல்லியே கோடையை ஓட்டியவள். பெண்கள் பேசியது அவள் காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை. கொப்பரையில் நுரை தட்டுகிறது, கவனியுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. மேடு முழுக்க ஜனம், மடக்கு நாற்காலியும் குழந்தைகளுமாக. பெண்கள் நீளப் பாவாடையும் வெள்ளைத் தொப்பியும் போட்டு மரவாளிகளோடு நின்றார்கள். வாளிகளின் மேல் துணி மூடியிருந்தது. உள்ளே கம்பளி, சோளமாவு, உப்பிட்ட பன்றிக்கறி, கரித்துணி டப்பா. மூடிய வாளியைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் கையில் இருக்கிற வாளிக்குள் என்ன இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் எவன் பார்த்தான்?

கதவு திறந்தது. அவர்கள் வெளியே வந்தார்கள். பின்னால் தாழ் விழுந்தது.

டெல்லா முன்னால் நடந்தாள். பயமாகத்தான் இருந்தது, கை வியர்த்து வாளிப்பிடி வழுக்கியது. ஊர்வம்பு பேச வேண்டும் என்பது காட்சி. ஹேட்டி பிரூட்டின் தொப்பிக்குள் குடியிருக்கிற பேனைப் பற்றி ஏதோ சொல்ல, எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஊற்றை அடைந்தார்கள். குனியவில்லை. ஊற்றைத் தாண்டி மரங்களுக்குள் நுழைந்தார்கள்.

முதல் ஏற்றத்தில் மூச்சு வாங்கியபோது கீழேயிருந்து பிரூட்டின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. பெண்களின் நெஞ்சுரத்தைப் பற்றி உருகிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட பெண்கள் நம் மண்ணில் பிறந்தார்கள், அஞ்சாமல் காட்டைப் பார்த்து நடந்தார்கள் என்றார். கூட்டம் கை தட்டியது. டெல்லா நின்று கேட்டாள். அவள் வாழ்நாளில் அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. காட்டைப் பார்த்து நடந்த பெண்களுக்கு அங்கே கைதட்டல், நடக்க விடுங்கள் என்று கேட்ட பெண்ணுக்கு இல்லை. தூ என்று துப்பிவிட்டு மேலே ஏறினாள்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி தடுமாறத் தொடங்கியது. வந்துவிடுவார்கள் என்றது. இதோ வருகிறார்கள் என்றது. கடைசியில் அணைந்தே போனது. கதவைத் திறக்கச் சொல்லி பிரூட் கத்தியிருக்கிறார். தண்ணீர் வராமல் திறக்கக் கூடாது என்று அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தையே அவருக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டு நின்றானாம் கதவுக்காரப் பையன். அந்தத் தகராறில் பெண்கள் பாதி மலை ஏறிவிட்டார்கள்.

மரம் வெட்டுகிறவர்கள் போட்ட பழைய வண்டிப்பாதை பாறைத் திட்டில் முடிகிறது. அதற்குமேல் காலால்தான் போக வேண்டும். ஆறு பேரும் அந்தத் திட்டில் ஏறும்போது கீழே மோட்டார் சத்தம் கேட்டது. பிரூட் வந்தார். தொப்பியைக் காணோம், முகம் கொதித்துச் சிவந்திருந்தது. எடுத்துச் சொல்லிக் கூட்டிவர என்று வெர்னாவைப் பின்னால் உட்கார வைத்திருந்தார்.

இறங்கி வாருங்கள், கீழே ஜனம் காத்திருக்கிறது, இதை யாரிடமும் பெரிதுபடுத்த மாட்டேன் என்றார். யாரும் அசையவில்லை. உங்கள் வீட்டுக்குப் போன் போடுவேன் என்றார். போடுங்கள் சார் என்றாள் ஹேட்டி. கடைசியில் அவர் வாயில் வந்தது இதுதான்.

"நீங்க போட்டிருக்கறது முகாம் துணி. அதைப் போட்டுக்கிட்டு எங்கயும் போக முடியாது."

டெல்லா வாளியைக் கீழே வைத்தாள். இடுப்பு முடிச்சை அவிழ்த்துப் பாவாடையை உருவினாள். உள்ளே அரைக்கால் சட்டையும் முழங்கால் சிராய்ப்பும் இருந்தன. தொப்பியையும் கழற்றி இரண்டையும் மடித்து, பாறையிலிருந்து இறங்கி வந்து அவர் வண்டியின் கைப்பிடியில் போட்டாள். மற்ற ஐந்து பேரும் வரிசையாக வந்து போட்டார்கள், பிறகு எல்லோரும் மறுபடி பாறையில் ஏறிக்கொண்டார்கள். வண்டி துணி காயப்போட்ட கொடி மாதிரி ஆகிவிட்டது.

பிரூட் அந்தத் துணிகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். பிறகு பிடி கிடைத்தவர் போல, பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் முகட்டு நடை கிடையாது, அது முகாம் விதி, அதை யாராலும் மாற்ற முடியாது என்றார். அது நிஜமான விதிதான். பையன்களோடு எப்போதும் ஒரு ஆசிரியர் போவார். இதை டெல்லா யோசிக்கவே இல்லை. இவ்வளவு தூரம் ஏறி வந்து, ஒரு விதியில் வந்து நிற்கிறோமே என்று கண்ணீர் முட்டியது.

வெர்னா வண்டியிலிருந்து இறங்கினாள். முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, இருக்கையில் விரித்திருந்த மான்தோலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"நான் பெரியவதானே வென்டல்? இருபது வருஷமா உன் முகாமுல ஆசிரியை. ராத்திரி தரை ஈரமா இருக்கும், இது எனக்கு வேணும்."

"வெர்னா, நீயுமா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

"நல்ல புத்திதான் இருந்துச்சு. இருபது வருஷமா விட்டுடு விட்டுடுன்னு இந்தப் பிள்ளைங்களுக்குச் சொல்லிச் சொல்லியே அதைக் கெடுத்துக்கிட்டேன்."

அவள் பாறையில் ஏறக் கை நீட்டினாள். டெல்லா பிடித்துத் தூக்கிவிட்டாள். பிரூட் வண்டியோடும் ஆறு பாவாடையோடும் கீழே நின்றார். கோபம் போய் அவர் முகத்தில் இப்போது பயம்தான் இருந்தது. தனியாகத் திரும்பிப் போய் அத்தனை ஜனத்துக்கு முன்னால் நிற்க வேண்டுமே.

"கீழ இருக்கறவங்ககிட்ட நான் என்னதான் சொல்றது?" என்றார்.

டெல்லா வாளியை எடுத்து முழங்கையில் மாட்டிக்கொண்டாள்.

"நடந்ததைச் சொல்லுங்க சார். தண்ணி எடுக்க அனுப்பினோம், பொண்ணுங்க காட்டுக்குப் போயிட்டாங்கன்னு சொல்லுங்க. இன்னிலேருந்து அதுவும் சரித்திரம்தான்."