ஒடீல் வீட்டுப் பரண் கோடாலி

டயர் வெடித்த சத்தம் அல்சீடுக்குக் கேட்கவில்லை. பக்கக் கண்ணாடியில் பார்த்தபோது பின்னால் ட்ரெய்லரில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. ட்ரக்கை ஓரங்கட்டினான். வடக்கே பன்னிரண்டு மைல் தூரத்தில் அவன் அக்கா ஒடீல் பரணில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

காலையில் அவள்தான் போன் செய்தாள்.

"சமையல் மேடைக்கு மேல வந்துடுச்சுடா. பரணுக்கு ஏறிட்டேன். கோடாலி மாட்டுற ஆணி இருக்கு, கோடாலியத்தான் காணோம்."

"எங்கிட்ட இருக்குக்கா."

"தெரியும். ரெண்டு வருஷமாத் தெரியும். எடுத்துக்கிட்டு வா."

அத்தோடு சார்ஜ் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. பிறகு போன் போகவேயில்லை.

முந்தைய பெரும்புயலில் பரணுக்கு ஏறித் தப்பியவர்கள் கூரையைத் திறக்க வழியில்லாமல் அங்கேயே செத்தார்கள். அதிலிருந்து லூசியானாவின் அந்தச் சதுப்புக் கரையில் வீட்டுக்கு வீடு பரணில் ஒரு கோடாலி தொங்கும். விறகு பிளக்கக்கூட அதைத் தொட மாட்டார்கள். அல்சீட் தொட்டான். வாத்து வேட்டைக்கு மறைப்புக் கட்டக் கம்பு வெட்ட வேண்டியிருந்தது. கடைக்குப் போகச் சோம்பல். நாளைக்குத் தருகிறேன் என்று அக்காவிடம் வாங்கி வந்தவன் படகிலேயே போட்டு வைத்திருந்தான்.

மச்சான் கிளோவிஸ் இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்தான். மாற்று டயர் நன்றாகவே இருந்தது. நட்டுகள்தான் துருவேறி ஒரே கட்டியாக இருந்தன.

"அத்தான், இதக் கடைசியா எப்பக் கழுவுனீங்க?"

உப்புத் தண்ணீரில் இறக்கிய ட்ரெய்லரை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று அங்கே நடை பழகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அல்சீடுக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு பீர், அப்புறம் இன்னொன்று, அப்புறம் சாப்பாடு, தூக்கம்.

ஐந்து நட்டுகள். மூன்று முக்கி முனகிக் கழன்றன. நான்காவதுக்கு ஸ்பேனரில் குழாயைச் செருகி இருவரும் தொங்கினார்கள். போல்ட்டோடு முறிந்து விழுந்தது. ஐந்தாவது முனை மழுங்கி, ஸ்பேனர் சும்மா சுற்றியது.

வெள்ளத்தில் ஆள் மீட்கக் கிளம்பிய படகுகள் வரிசையாகக் கடந்து போயின. ஒரு சிவப்பு ட்ரக் நின்றது. வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் தலையை நீட்டினார்.

"யாரத் தேடிப் போறீங்க?"

"எங்கக்கா. வடக்க இருக்காங்க."

"விலாசத்தச் சொல்லுங்க, நான் ஏத்திக்கிறேன். இல்ல, ஒருத்தர் எங்கூட வாங்க."

விலாசம் சொன்னால் பரணில் இருக்கிறாள் என்றும் சொல்ல வேண்டும். சொன்னால், கோடாலி இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். அதற்கு என்ன சொல்வது? வெட்கம் அவன் வாயை அடைத்தது.

"வேண்டாங்க. பத்து நிமிஷ வேலை. பின்னாலயே வந்துடுவோம்."

தாடிக்காரர் போய்விட்டார்.

"நான் போயிருப்பேனே அத்தான்," என்றான் கிளோவிஸ்.

"பத்து நிமிஷம்டா."

மழுங்கிய நட்டை இறுகக் கவ்வட்டும் என்று, அளவு குறைந்த சாக்கெட் ஒன்றை அதன் மேல் அடித்து இறக்கச் சுத்தியல் தேடினார்கள். சுத்தியல் இல்லை. அல்சீட் படகுக்குள் கைவிட்டுக் கோடாலியை எடுத்தான்.

"இது ஒடீல் அக்காவோடதுல்ல?"

"சாக்கெட்டப் பிடிடா."

கோடாலியின் மொட்டைப் பக்கத்தால் அடித்தான். சாக்கெட் நழுவியது. மறுபடி வைத்து அடித்தான். கிளோவிஸின் விரலில் இரண்டு முறை பட்டது, அவன் பொறுத்துக்கொண்டான். கடைசி நட்டு கழன்றபோது ஒரு மணி நேரமும் நாற்பது நிமிடமும் போயிருந்தன.

மாற்று டயரைப் பூட்டி வடக்கே ஓட்டிப்போய், சாலை தண்ணீருக்குள் இறங்கிய இடத்திலேயே படகை இறக்கினார்கள். எதிரே தாடிக்காரரின் படகு திரும்பி வந்தது. ஒரு கிழத் தம்பதியும் நனைந்த நாயும் அதில் இருந்தார்கள்.

"உங்கக்கா வீடு எது?"

"தேவாலயத்துக்குப் பின்னால. வெள்ளை வீடு, பச்சைக் கூரை."

அவர் தன் மோட்டாரை நிறுத்தினார். "அது பக்கத்துலதான் போனோம். டங் டங்னு ஏதோ கேட்டுச்சு. கூரை மேல யாருமில்ல. பலக ஏதோ இடிக்குதுன்னு நெனச்சுட்டோம்." பிறகு, "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றார்.

பச்சைக் கூரை கிட்டத்தட்ட பாதி முழுகியிருந்தது. அல்சீட் அதன் மேல் மண்டியிட்டுக் காதை வைத்துக் கேட்டான்; உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் மட்டும்தான். எழுந்து வெட்ட ஆரம்பித்தான். கோடாலி நல்ல கோடாலி, நான்கே வெட்டில் பலகை பிளந்தது. ஓட்டையைப் பெரிதாக்கி உள்ளே இறங்கினான்.

தண்ணீர் அவன் கழுத்தைத் தொட்டது; அக்கா அவனைவிட ஒரு சாண் குள்ளம். ஒடீல் முகம் கவிழ்ந்து மிதந்துகொண்டிருந்தாள். வலது கை இரும்பு வாணலியின் பிடியை விடவில்லை. கூரைப் பலகையின் உள்பக்கம் கைக்கு எட்டிய இடமெல்லாம் வாணலி விளிம்பின் தழும்புகள். ஓர் இடத்தில் மட்டும் விரல் நுழையும் அளவுக்குப் பலகை விரிசல் விட்டிருந்தது.

அவளைத் தூக்கி மேலே கிளோவிஸிடம் கொடுத்தான்.

"ஏறி வாங்க அத்தான்."

அல்சீட் ஏறவில்லை. தழும்புகளுக்கு நடுவே அந்த ஆணி இருந்தது. கோடாலியை அதில் மாட்டிவிட்டு, அங்கேயே தண்ணீரில் நின்றான்.